ராணுவ லாரிக்கு ஒரு குளியல்

கோந்துவுக்குப் பள்ளியில் அழகான பெயர் ஒன்று இருந்தது. வருகை எடுக்கும்போது மட்டும் ஆசிரியர் அதைப் படிப்பார். மற்ற நேரமெல்லாம் அவள் கோந்துதான். அவள் விரல் நுனிகளில் எப்போதும் பசை காய்ந்து தோல் உரிந்ததுபோல் இருக்கும். அதைப் பார்த்து அண்ணன் வைத்த பெயர் அது.

கோந்துவின் வேலை ராணுவ வண்டிகள் செய்வது. நிஜ வண்டிகள் இல்லை. பெட்டிக்குள் பிளாஸ்டிக் துண்டுகளாக வரும் மாடல் வண்டிகள். ஒவ்வொரு துண்டையும் வெட்டி எடுத்து, ஓரத்தைத் தேய்த்து, ஒட்டி, பெயிண்ட் அடிக்க வேண்டும். எல்லாம் முடிந்தால் பென்சில் பெட்டி அளவில் ஒரு வண்டி கிடைக்கும். கூடவே சுண்டுவிரல் உயரத்தில் சில சிப்பாய்களும் கிடைப்பார்கள்.

இந்த முறை அவள் செய்தது ஆறு சக்கர லாரி. அதனுடன் நான்கு பேர். ஓட்டுநர் உள்ளே உட்கார்ந்திருந்தார். ஒரு சிப்பாய் கேன் தூக்கி வந்தான். இன்னொருவன் லாரியின் மேல் கை வைத்து நின்றான். நான்காமவர் அதிகாரி. ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையை நீட்டித் தூரத்தில் எதையோ காட்டினார். அவருடைய மீசை சரியாக வரும்வரை கோந்து அவரை விடவில்லை.

சனிக்கிழமை நூலகக் கூடத்தில் மாடல் கண்காட்சி நடக்க இருந்தது. இத்தனை வருடமாகப் பெரியவர்கள்தான் வைத்துவந்தார்கள். இந்த வருடம் பிள்ளைகளுக்கும் ஒரு மேசை போட்டிருந்தார்கள். மாடல் கடைக்காரர் கோந்துவின் லாரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கொண்டு வா, இடம் போட்டு வைக்கிறேன்" என்றார். அவர் சும்மா புகழ்கிற ஆள் இல்லை. அன்றிலிருந்து கோந்துவுக்குக் கால் தரையில் படவில்லை.

லாரியை ஒட்டிப் பெயிண்ட் அடித்த பிறகுதான் பெரிய வேலையே தொடங்கியது. அதை அழுக்காக்கும் வேலை.

புது லாரி எங்கும் போகாத லாரி. சண்டை நடக்கும் இடத்துக்குப் போய்வந்த லாரி என்றால் சக்கரத்தில் சேறு இருக்க வேண்டும், கூரையில் தூசி படிந்திருக்க வேண்டும், கதவோரத்தில் துரு வழிந்திருக்க வேண்டும். கோந்து தோட்டத்து மண்ணைக் காயவைத்து இடித்தாள். கலர் சாக்பீஸைப் பொடித்துச் சேர்த்தாள். டீ வடிகட்டியில் சலித்தாள். வீட்டில் ஒரு டீ வடிகட்டி காணாமல் போனது பற்றி அம்மா கேட்டபோது அவள் மூச்சு விடவில்லை. பிறகு மெல்லிய பிரஷ்ஷால், மூக்கு லாரியில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து, ஒரு வாரம் அழுக்குப் பூசினாள்.

"புது வண்டியைப் பழசாக்கி, அதைப் போய்க் கண்காட்சியில வைக்கிறாளாம்" என்று அண்ணன் சொன்னான். ஆனால் அவனும் யாரும் இல்லாதபோது வந்து பார்த்துவிட்டுத்தான் போவான்.

ஒரே ஒரு வேலை பாக்கி. தூசி உதிராமல் பிடித்துக்கொள்ள மேலே வார்னிஷ் அடிக்க வேண்டும். மழை ஈரத்தில் அடித்தால் வார்னிஷ் வெள்ளையாகப் பூத்துவிடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அந்த வாரம் பார்த்து மழை விடாமல் பெய்தது. கோந்து லாரியைச் செருப்புப் பெட்டியால் மூடி வைத்துவிட்டு, வெயிலுக்காகக் காத்திருந்தாள்.

இந்த நேரத்தில்தான் அத்தை வந்திருந்தார்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் துப்புரவு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய வீட்டில் குழாய் மாற்றும் வேலை நடந்ததால் கொஞ்ச நாள் இங்கே தங்க வந்தார். அத்தைக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு எதிரி உண்டு. அது தூசி. வந்த அன்றே மின்விசிறி இறக்கைகளை ஒரு கை பார்த்துவிட்டார். மறுநாள் ஜன்னல் கம்பிகள். அதற்கு மறுநாள் அப்பாவின் மூக்குக்கண்ணாடி. அப்பாவுக்குத் தன் அக்கா இவ்வளவு தெளிவாகத் தெரிந்தது அன்றுதான் முதல் தடவையாம்.

புதன்கிழமை அத்தை அம்மாவின் தோசைக்கல்லை, எண்ணெய் ஒட்டாத கறுப்புப் பூச்சு போட்ட அந்தக் கல்லை, கம்பி நார் போட்டுத் தேய்த்தார். பூச்சு முழுவதும் போய், அடியிலிருந்த வெள்ளை உலோகம் பளிச்சென்று தெரிந்தது. அம்மா "பரவாயில்லை" என்றார். ஆனால் முகம் சுண்டிப்போனது. அத்தை அதைப் பார்த்துவிட்டார்.

அதன் பிறகு அத்தை எதையும் தொடவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் குடிக்கக்கூடக் கேட்டுவிட்டுத்தான் எடுத்தார். அன்று மாலை அவர் தன் சிநேகிதியிடம் போனில் பேசியதைக் கோந்து கேட்டாள்.

"நான் கை வச்சாலே எதாவது வீணாப்போகுது. குழாய் வேலை முடியலைன்னாலும் பரவாயில்லை, ஞாயித்துக்கிழமை கிளம்பிடலாம்னு பாக்கறேன்."

கோந்துவுக்கு அது பிடிக்கவில்லை. அத்தை இருந்தால் வீட்டில் பேச்சுச் சத்தம் இருக்கும். இடுப்பில் ஒரு கை வைத்து, விரலை நீட்டி அண்ணனை அதட்ட அத்தைக்குத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில், கோந்து லாரியை எடுத்துப் பார்த்துவிட்டுப் பெட்டியால் மூட மறந்துபோனாள்.

மாலையில் அவள் வீட்டுக்கு வந்தபோது அத்தை வாசலிலேயே நின்றிருந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. புதன்கிழமைக்குப் பிறகு அவர் சிரிப்பது இதுதான் முதல் தடவை.

"உள்ள போய் உன் மேசையைப் பாரு" என்றார்.

கோந்து போய்ப் பார்த்தாள்.

மேசையில் ஒரு வெள்ளைத் துண்டு விரித்திருந்தது. அதன் மேல் லாரி நின்றது. பளபளவென்று, கடைக் கண்ணாடிக்குள் இருப்பதுபோல் நின்றது. தூசி இல்லை. சேறு இல்லை. துரு இல்லை. பக்கத்தில் மூன்று பேரும், ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் படுக்க வைத்ததுபோல் வரிசையாகப் படுத்திருந்தார்கள். லாரி நிற்பதற்காகக் கோந்து செய்து வைத்திருந்த மண் சாலைப் பலகையை மட்டும் அத்தை கழுவவில்லை. சாலையில் மண் இருப்பது நியாயம்தானே என்று விட்டுவிட்டாராம்.

"நாளைக்கு நாலு பேர் பாக்கற சாமான். இவ்வளவு அழுக்கோட எப்படிம்மா கொண்டு போவே? உனக்குப் பாவம் படிக்கவே நேரம் சரியா இருக்கு. அதான் நான் சோப்புத் தண்ணியில மெதுவா, குழந்தையைக் குளிப்பாட்டற மாதிரி..." அத்தை பழைய டூத் பிரஷ் ஒன்றைக் காட்டினார். "ஒரு சின்னச் சாமான்கூட உடையலை. எண்ணிப் பாத்துக்கோ."

ஒரு வாரம். ஒரு வாரம் முழுவதும் முதுகு வலிக்கக் குனிந்து பூசிய அழுக்கு சாக்கடையில் போய்விட்டது. கண்ணில் நீர் வந்துவிடும்போல் இருந்தது. அத்தை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்த அதே பார்வை.

"பளபளன்னு இருக்கு அத்தை" என்றாள் கோந்து. அது உண்மைதான்.

அத்தை நிம்மதியாக மூச்சு விட்டார். நாளை கண்காட்சிக்குப் போட்டுக்கொள்ள நல்ல உடை எடுத்து வைக்கப் போனார்.

அண்ணன் வந்து பார்த்து முதலில் சிரித்தான். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான். அத்தையிடம் போய்ச் சொல்வதாகக் கிளம்பியவனின் சட்டையைக் கோந்து பிடித்து இழுத்தாள். சொன்னால் அத்தை ஞாயிற்றுக்கிழமை வரைகூட இருக்கமாட்டார், இன்றைக்கே பெட்டியைக் கட்டிவிடுவார் என்றாள்.

"அப்ப மறுபடியும் அழுக்குப் பூசு" என்றான் அண்ணன்.

"அத்தை நாளைக்கு வர்றாங்க. அவங்க கழுவினதை நான் அழுக்காக்கி வச்சா என்ன நினைப்பாங்க?"

அவன் போய்விட்டான்.

கோந்து கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தாள். சுத்தமான லாரியைக் கொண்டுபோனால் கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார். அழுக்கு லாரியைக் கொண்டுபோனால் அத்தை கிளம்பிவிடுவார். யோசித்தபடியே லாரியைக் கவிழ்த்துப் பார்த்தாள். பின் சக்கரங்களுக்கு உள்பக்கம் டூத் பிரஷ் எட்டவில்லை. அங்கே மட்டும் சேறு அப்படியே இருந்தது.

அவள் லாரியைப் பலகையில் நிறுத்தினாள். சிப்பாய்களை எழுப்பி நிற்க வைத்தாள். அதிகாரியை வைக்கும்போது கை தவறி அவர் லாரியைப் பார்த்துத் திரும்பிவிட்டார். இத்தனை நாளும் தூரத்து எதிரியைக் காட்டிக்கொண்டிருந்த அவருடைய விரல், இப்போது நேராகப் பின் சக்கரத்தைக் காட்டியது. ஒரு கை இடுப்பில். முகத்தில் கடுகடுப்பு.

கோந்து அவரை உற்றுப் பார்த்தாள். இந்த மாதிரி நிற்பவரை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஓடிப்போய் அத்தையிடம் கேட்டாள். "அத்தை, லாரி கழுவறதா இருந்தா எங்க ஆரம்பிப்பீங்க?"

"மேல இருந்துதான். கீழ ஆரம்பிச்சா மேல இருக்கற அழுக்குத் தண்ணி வழிஞ்சு ரெண்டு வேலை ஆகும். சக்கரம் கடைசி." இதுகூடத் தெரியாதா என்பதுபோல் அத்தை பார்த்தார்.

மேலே சுத்தம், கீழே அழுக்கு. அவ்வளவுதான். அத்தை கழுவிய கூரையையும் கதவுகளையும் கோந்து தொடவே இல்லை. சக்கரங்களிலும் அடிப்பாகத்திலும் மட்டும் சேறு பூசினாள். கதவுகளுக்குக் கீழே அழுக்குத் தண்ணீர் வழிந்த கோடுகளை வரைந்தாள். மழை விட்டிருந்ததால், மண் சாலையில் வார்னிஷ்ஷைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். அது ஈரம்போல் மின்னியது. லாரியில் கை வைத்து நின்றவனின் உள்ளங்கைக்குக் கீழே டிஷ்யூ காகிதத் துண்டு ஒன்றை ஒட்டினாள். அவன் துடைக்கத் தொடங்கிவிட்டான். கேன் தூக்கியவனின் எண்ணெய்க் கேனுக்கு நீலப் பெயிண்ட் அடித்தாள். அது தண்ணீர்க் கேன் ஆகிவிட்டது. பற்பசை மூடி ஒன்று வாளியானது. ஓட்டுநருக்கு மட்டும் வேலை கொடுக்க முடியவில்லை. அவரை இருக்கையில் ஒட்டியாகிவிட்டது. எந்த அதிகாரி அதட்டினாலும் இனி அவர் எழுந்திருக்க முடியாது.

அண்ணன் வந்து பார்த்தான். எல்லாம் சீக்கிரம் காயட்டும் என்று அம்மாவின் ஹேர் டிரையரைக் கொண்டுவந்து கொடுத்தான்.

மறுநாள் நூலகக் கூடத்தில் நல்ல கூட்டம். கடைக்காரர் லாரியைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"நான் பாத்தப்ப இது வேற மாதிரி இருந்துதே?"

"குளிச்சுட்டு இருக்கு" என்றாள் கோந்து.

அவர் உதட்டைப் பிதுக்கவில்லை. லாரியை எடுத்து மேசையின் முன்வரிசையில் வைத்தார்.

அத்தை கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பெரியவர்களின் மேசைகளில் பீரங்கி வண்டிகள், ஜீப்புகள், கவச வண்டிகள் என்று வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் தூசி. எல்லாவற்றிலும் சேறு. ஒரு பீரங்கி வண்டிக்குத் துரு பூசவே நான்கு மாதம் ஆனது என்று ஒருவர் அத்தையிடம் பெருமையாகச் சொன்னார். அத்தையின் நடை மெதுவானது. அவர் திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"எல்லாமே அழுக்காத்தான் இருக்கு" என்றார். "அழுக்காத்தான் வைக்கணுமா?"

கோந்து தரையைப் பார்த்தாள்.

"நேத்தே சொல்லியிருக்கலாமே கண்ணு."

"நீங்க சிரிச்சுட்டு இருந்தீங்க அத்தை."

அத்தை தன் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டார். கோந்துவுக்குப் பயமாக இருந்தது. அவர் கிளம்பிவிடக் கூடாது என்று மட்டும் நினைத்தாள். பிறகு அவசர அவசரமாகச் சொன்னாள்.

"அந்த வண்டியெல்லாம் இன்னும் ரோட்டுலயே நிக்குது. நம்ம வண்டிதான் வீட்டுக்கு வந்துடுச்சு."

அப்போது இரண்டு சிறுவர்கள் லாரிக்கு முன்னால் நின்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதிகாரியைக் காட்டி, "எங்க அம்மா மாதிரியே நிக்கறார்" என்றான் ஒருவன். அவர்களுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள். அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு குனிந்தார். அதிகாரியைப் பார்த்தார். அவர் விரல் போன திசையைப் பார்த்தார்.

"சரியாத்தான் சொல்றார்" என்றார் அத்தை. "சக்கரத்துக்கு உள்ள அழுக்கு இன்னும் போகவே இல்லை."

அவருடைய கை, தானாகவே கைப்பைக்குள் போய்க் கைக்குட்டையை எடுத்தது. கோந்து மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கைக்குட்டை லாரியின் பக்கத்தில் வந்து நின்றது. சற்று நேரம் அங்கேயே இருந்தது. பிறகு அத்தை அதை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்து மூடினார்.

"இருக்கட்டும்" என்றார். "அதை அவங்க பாத்துப்பாங்க. நாம வீட்டுக்குப் போய் உன் மேசையைச் சுத்தம் பண்ணலாம். ஆனா எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாதுன்னு நீ பக்கத்துலயே இருந்து சொல்லணும்."

கோந்து தலையாட்டினாள். அத்தை ஞாயிற்றுக்கிழமை கிளம்பவில்லை. கோந்துவின் மேசையைச் சுத்தம் செய்யவே அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சரியாக இருந்தது.