நாலாம் நம்பர் லயத்தின் அதிர்வு

"அந்தக் கொப்பிய எடுங்கப்பா."

கேட்கவே கூடாது என்று அம்மா சாகும்வரை சொல்லி வைத்ததை வடிவு கேட்டுவிட்டாள். அவள் அப்பா, தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கந்தப்பன், நாற்காலியை விட்டு எழவில்லை.

"படிச்ச புள்ள கேக்குற கேள்வியா இது?"

"படிச்சதாலதான் கேக்குறேன்."

விடியுமுன் பனி கதவிடுக்கில் நுழைந்து ஈரமண் வாடையையும் விளக்குப் புகையையும் ஒன்றாகக் குழைத்துக்கொண்டிருந்தது. சிமெந்துத் தரையில் அவளுடைய நில அதிர்வுக் கருவியின் ஊசி, புகை பூசிய தாளில் நேர்கோடு கீறியபடி கிறீச்சிட்டது. முப்பத்தெட்டாம் வருசத்து நில அதிர்ச்சியில்தான் மலை சரிந்து தொழிலாளர் குடியிருந்த வீட்டு வரிசையான நாலாம் நம்பர் லயம் பதினேழு பேரோடு புதைந்தது என்று தோட்டமே நம்பியது. அந்த இடத்தை நிரவிக் கட்டிய வீடு இது. அன்றைய அதிர்ச்சி இங்கே எவ்வளவு பலமாக இருந்திருக்கும் என்று கணிக்கக் கொழும்பு அலுவலகம் அவளை அனுப்பியிருந்தது. பாறையை விடத் தேயிலை மண் எத்தனை மடங்கு நடுங்குகிறது என்று பத்து நாள் அளந்து, கொழும்பில் இருந்த பழைய பதிவோடு பெருக்கிப் பார்த்தாள். கோப்பை கிலுங்கியிருக்கும், அவ்வளவுதான். மலை சரிந்திருக்காது.

இன்னொன்றும் இருந்தது. தினமும் ஒரே நேரத்தில், இந்த வீட்டில் மட்டும், ஊசி துள்ளியது.

கந்தப்பன் பெட்டியிலிருந்து அந்த வருசத்து நோட்டுக் கொப்பியை எடுத்து நீட்டினார். அவர் கையெழுத்து. 'பின்னதிர்வு, இலேசானது.' முதல் நாள் ஐந்து நாற்பது. இரண்டாம் நாள் ஐந்து நாற்பது. மூன்றாம் நாளும்.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குத் தப்படித்து ஓயும் நேரம். அவள் ஊசி துள்ளும் நேரமும் அதுதான்.

"பூமி மணி பாத்தா ஆடும்?"

"மேல ரோட்டுக்கு வெடி வச்சாங்க, மல சரிஞ்சிருச்சு. பொதைஞ்சவங்களத் தோண்டுனா பாக்கி மலையும் வந்துரும்னாரு தோட்டத்து தொர. அதிர்ச்சின்னு எழுதச் சொன்னாரு, எழுதுனேன். இந்த வேல குடுத்தாங்க. நீ படிச்ச."

"உள்ளேருந்து மூணு நாளு தட்டுனாங்களா?"

"மூணு நாளுதான் எழுதச் சொன்னாரு."

தூரத்தில் தப்பு முழங்கியது. ஓய்ந்தது.

ஊசி துள்ளியது.

ஒன்று. இரண்டு. பெயர் கூப்பிட்டதற்கு ஆள் ஆளாய்ப் பதில் சொல்வதுபோல. நிதானமாக. பதினாறு. பதினேழு.

வடிவு கொப்பியைப் பைக்குள் திணித்தாள். கதவோரம் கிடந்த மண்வெட்டியைத் தூக்கினாள். பெரட்டுக்களத்தில் அத்தனை பேரும் நிற்பார்கள். அத்தனை பேரிடமும் மண்வெட்டி இருக்கும்.

"எங்க போற, வடிவு?"

அவள் படி இறங்கினாள். பின்னால், தரைக்குக் கீழிருந்து வந்த தட்டலில் நாற்காலியின் நான்கு கால்களும் சிமெந்தில் தடதடக்க, அப்பா இரண்டு பாதங்களையும் தரையிலிருந்து தூக்கி மடியோடு கட்டிக்கொண்டிருந்தார்.