நாற்பதாவது வரி

நாற்பத்து மூன்று வருடத்துக்கு முந்தைய மை ஜோசியரின் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது.

ஒட்டக் கூடாது. மூன்று வாடகை வீடு, ஒரு சொந்த வீடு என்று இடம் மாறி, ஏழு தலைமுறைக் கரப்பான்பூச்சிகளுக்குப் பேறுகாலம் பார்த்த தகரப்பெட்டியின் அடியில் கிடந்த காகிதம் அது. அதன் கடைசி வரியில் விரல் பட்டதும், யாரோ இப்போதுதான் எழுதிவிட்டுப் பேனாவை மூடியதுபோல ஈரமாக, குளிர்ச்சியாக நீலம் பற்றிக்கொண்டது. சட்டையில் துடைத்தார், போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தார், இன்னும் கொஞ்சம் பரவியது.

'மழை ஈரம்' என்று முடிவு கட்டினார். முப்பத்தெட்டு வருடம் ஒரே அலுவலகத்தில் தேய்ந்து, தலைமை எழுத்தர் வரை போய் ஓய்வுபெற்ற மனிதர். ஆகாயமே இடிந்து விழுந்தாலும் அதற்கு ஒரு காரணம் எழுதிக் கோப்பை மூடிவிடுவார்.

ஜோசியர் என்பது அவர் தொழில் அல்ல, வகுப்பில் வைத்த பட்டப்பெயர். பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வாரத்தில் கையெழுத்துப் பத்திரிகை ஒன்று தயாரித்தார்கள். 'நாம் என்ன ஆவோம்?' என்ற பக்கம் அவர் பொறுப்பு. நாற்பது கோடு போட்ட தாள். ஆளுக்கு ஒரு வரி. எழுத்து முத்துமுத்தாக இருக்கும், உள்ளே இருந்தது முழுக்க விஷம். வருகிற ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவர் கூட்டத்தில் அந்தப் பக்கத்தை அவரே எழுந்து நின்று வாசிக்கப்போகிறார். அதற்குத்தான் இந்த ஒத்திகை.

மணி நாலேகால். வெளியே மழை கொட்டி, வீட்டுக்குள் ராத்திரிபோல இருட்டியிருந்தது. விளக்கைப் போட்டால் மீட்டர் ஓடுமே என்று, முன்னறையின் பச்சை நாற்காலியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசித்தார். மனைவி முழங்கால் வைத்தியத்துக்குப் போயிருந்தாள். மேசையில் அவள் மூடிவைத்துவிட்டுப் போன காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

வகுப்பு முழுக்கத் தூங்கிய குறட்டைக்கு எழுதியது: 'இவன் தூங்குவதற்குச் சம்பளம் வாங்குவான்.' வாங்கினான். கிடங்கு ஒன்றின் காவலாளி. இரண்டு முறை திருட்டுப் போனது. மூன்றாவது முறை திருடர்கள் அவனை நாற்காலியோடு தூக்கி ஓரமாக வைத்து, மழை படாமல் சாக்கும் போர்த்திவிட்டுப் போனார்களாம். அரை மதிப்பெண் குறைந்தாலும் அழுத சிணுங்கிக்கு, 'அழுதே வீடு கட்டுவாள்.' தொலைக்காட்சித் தொடர் நாயகிகளுக்கு அழுகைக் குரல் கொடுத்து இரண்டு மாடி கட்டிவிட்டாள். கத்தியே பேசும் பீரங்கிக்கு, 'இவன் வாயை நம்பி ஊரே பஸ் ஏறும், ஏறியவர்கள் காது கேளாமல் இறங்குவார்கள்.' பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளன். ஓய்வுபெற்ற பிறகும் வீட்டில், சாப்பாடு எத்தனையாவது மேடையில் வந்து நிற்கும் என்று அறிவித்துக்கொண்டிருக்கிறானாம். எல்லாப் பரீட்சையிலும் எட்டிப் பார்த்து எழுதியவனுக்கு, 'அடுத்தவன் எழுத்தை வைத்தே பிழைப்பான்.' ஜெராக்ஸ் கடை!

ஜோசியர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஒரு வரிகூடப் பொய்க்கவில்லை. கழுதைகள்! எழுதிக் கொடுத்த தடத்தில் கழுத்தைத் திருப்பாமல் போயிருக்கின்றன.

சரக்.

சிரிப்பு நின்றது. எங்கோ மெல்லிய, காய்ந்த சத்தம். காகிதத்தை நகத்தால் சுரண்டுவதுபோல.

எலி என்று நினைத்துக்கொண்டு கடைசி வரிக்கு வந்தார். அது அவருக்கு அவரே எழுதிக்கொண்டது: 'மூன்று கண்டங்களுக்குத் தூதர். விமானத்தைவிட்டு இறங்க நேரமிருக்காது.' அதை மட்டும் அவர் மனசுக்குள்ளும் வேகமாகவே வாசிப்பார். வாழ்க்கையில் அவர் ஏறிய மிக உயரமான வாகனம் அலுவலக லிஃப்ட். அதுவும் பாதி நாள் ஓடாது.

கைப்பேசி அடித்தது. நாற்காலிக்குச் சிக்னல் வராது. காகிதத்தை இருக்கையில் வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனார்.

"டேய் ஜோசியரே, தூங்கிட்டியா?" ஜெராக்ஸ் கடைக்காரன்.

"உன் கடையில வேலை பாத்தாதான்டா தூக்கம் வரும். சொல்லு."

"நேத்து உன் தாளைக் காப்பி எடுத்து வச்சேன்ல? எல்லாருக்கும் குடுக்கலாம்னு இன்னிக்குப் போட ஆரம்பிச்சேன். எழுத்து மங்கலா இருந்துது, கறுப்பைக் கொஞ்சம் கூட்டினேன். உன் வரிக்கு அடியில வேற ஏதோ எழுத்து தெரியுதுடா."

ஜோசியர் நீலக் கட்டைவிரலை ஜன்னல் கம்பியில் தேய்த்தார்.

"சுரண்டிட்டு எழுதினியா? அடியில 'ஒரு ஆபீஸ் வேலை'ன்னு இருக்கு. யாருக்குடா எழுதின?"

"ஞாபகமில்லை."

பொய். பிளேடின் வாசனைகூட ஞாபகம் இருந்தது.

கடைசி பெஞ்சில், ஜன்னலோரம் ஒருவன். பாதி வருடத்தில் வந்து சேர்ந்தவன். ஒரு பட்டப்பெயர் வைக்கக்கூட யாருக்கும் தோன்றாத பயல். அவனாக மேசையருகே வந்து நின்றான். எனக்கு என்ன எழுதப்போற என்று கேட்டான். நீயே சொல்லித் தொலை என்றார் ஜோசியர்.

"ஒரு ஆபீஸ் வேலை. சின்னதா ஒரு வீடு. சாயங்காலம் உக்கார முன்னறையில ஒரு நாற்காலி. பேசிட்டிருக்க ஒரு ஆள். போதும்."

வகுப்பே சிரித்தது. "இதெல்லாம் ஒரு ஆசையாடா? தெருநாய்கூட இதைவிடப் பெரிசா கேக்கும்!" என்று சொல்லிக்கொண்டே ஜோசியர் அதை எழுதினார். எழுதிய பிறகுதான் கவனித்தார்: பீரங்கிக்கு இரண்டு கோடு பிடித்துவிட்டது. பக்கம் முடிந்துவிட்டது. தனக்கு வரி இல்லை.

பென்சில் சீவும் அரை பிளேடு யாரிடமோ இருந்தது. வாங்கி, அவன் கண்ணெதிரே அந்த வரியைச் சுரண்டினார். சரக், சரக். காகிதம் பொடிப்பொடியாய் எழுந்தது. அதை ஊதித் தள்ளிவிட்டு, மெலிந்துபோன தாளின்மேல் மூன்று கண்டங்களை எழுதினார்.

"அப்ப நான் என்ன ஆவேன்?"

"எனக்கென்னடா தெரியும்? எங்கயாவது இடம் கிடைச்சா உக்காந்துக்கோ."

மறுநாள் அவன் வரவில்லை. யாரும் கேட்கவில்லை. கேட்பதற்குப் பெயர் தெரிய வேண்டுமே.

"டேய், இருக்கியா?" கைப்பேசியில் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "நாம முப்பத்தொம்பது பேர்தானே?"

"நாப்பது."

"இன்னொரு காப்பி வந்துது. வரி நீளமா இருக்குடா. கறுப்பை நான் தொடவே இல்லை. படம் எடுத்து அனுப்பறேன், நீயே பாரு."

இணைப்பு அறுந்தது. சுரண்டும் சத்தம் அறவில்லை. இப்போது அது எலி இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. எலி இடையிடையே நிறுத்தி, ஊதாது.

முதல் படம் வந்தது. மங்கிய தூதருக்கு அடியிலிருந்து எழுத்துகள் மேலே வந்திருந்தன. அவருடைய முத்து எழுத்தேதான். 'ஒரு ஆபீஸ் வேலை. தலைமை எழுத்தர் வரை போவான்.'

அதை அவர் எழுதவில்லை. பதினேழு வயதில் தலைமை எழுத்தர் என்றால் அவருக்கு யாரென்றே தெரியாது.

இரண்டாவது படம். 'முன்னறையில் பச்சை நாற்காலி. இடது கை உடைந்து, நைலான் கயிறு கட்டியது.'

அந்தக் கயிற்றை அவர்தான் கட்டினார். போன மாதம்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மழை வாசனைக்குள் வேறொரு வாசனை கலந்திருந்தது: சுண்ணாம்புக்கட்டித் தூள், துருப்பிடித்த பிளேடு. ஒரு கணக்கு அவர் தலைக்குள் தானாகவே கூடியது, கூட்டவேண்டாம் என்று கெஞ்சினாலும் கூடியது. முப்பத்தொன்பது பேரில் முப்பத்தெட்டுப் பேருக்கு எழுதியது பலித்தது. தனக்கு எழுதியது மட்டும் பலிக்கவில்லை. அப்படியானால் இந்த வேலை, இந்த வீடு, மருந்துக்கடைச் சீட்டை அவள் நீட்டினால் இவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாரே, அந்த மனைவி... இவையெல்லாம் யாருக்கு எழுதிய வரி?

இத்தனை நாள் அவர் ஏளனம் செய்துகொண்டே வாழ்ந்தது அந்தப் பயலின் ஆசையை. தெருநாய் கேட்காத ஆசை. அதைக்கூட அவர் ஒழுங்காக வாழவில்லை.

மூன்றாவது படம். 'மனைவிக்கு வலது முழங்கால் வலி. செவ்வாய்தோறும் வைத்தியத்துக்குப் போய் ஐந்து மணிக்குத் திரும்புவாள்.'

இன்று செவ்வாய். சுவர்க் கடிகாரத்தில் ஐந்தாக எட்டு நிமிடம்.

நான்காவது படம். 'அப்போது அவன் நாற்காலியில் இருப்பான்.'

தாளைக் கிழித்துவிட வேண்டும். அவ்வளவுதான். கிழித்து, நனைத்து, தெருச் சாக்கடையில் விட்டுவிட வேண்டும். திரும்பினார்.

நாற்காலியின் முதுகுக்கு மேலே ஒரு தலை தெரிந்தது.

நரைத்த தலை. அவருடைய வழுக்கை. அவருடைய சட்டை, எச்சில் பட்ட நீலக் கறையோடு. கழுத்து மட்டும் பதினேழு வயது. மெலிந்த, குச்சிக் கழுத்து, பின்னால் பள்ளமாக.

"யார்றா அது?" என்று கேட்டார். கேட்டதாக நினைத்தார். குரல் வரவில்லை.

மேசையிலிருந்த காப்பித் தம்ளர் காலியாக, கவிழ்த்து வைத்திருந்தது. குடித்ததும் கழுவிக் கவிழ்த்து வைங்க என்று மனைவி முப்பது வருடமாகச் சொல்வாள். அவர் ஒருநாளும் செய்ததில்லை.

சரக்.

வலது கையில் ஏதோ லேசாகிவிட்டது. பார்த்தார். மை பட்ட கட்டைவிரல் இல்லை. ரத்தம் இல்லை. வலி இல்லை. தாளில் சுரண்டிய இடம்போல வெள்ளையாக, நார்நாராக ஒரு வெறுமை.

சரக். சரக்.

மணிக்கட்டு. முழங்கை. நாற்காலியில் இருப்பவன் அவசரப்படவில்லை. மடியில் தாளை விரித்து, குனிந்து, அரை பிளேடால் நல்ல பிள்ளையாகச் சுரண்டிக்கொண்டிருந்தான். மூன்று கண்டங்கள். ஒவ்வொன்றாக.

வெளியே கேட் திறந்தது. குடையை உதறும் சத்தம். அவள்தான்.

ஓடினார். கால் இருந்தவரை ஓடினார். அவள் கதவைத் திறந்து, அவர் நின்ற இடத்தின் வழியாகவே நடந்து, விளக்கைப் போட்டாள்.

"ஏங்க, இருட்டுல உக்காந்து என்ன பண்றீங்க?"

"உனக்காகத்தான். நனைஞ்சுட்டியா? முழங்கால் எப்படி இருக்கு?"

அவள் அப்படியே நின்றுவிட்டாள். "யாரு, நீங்களா கேக்கறது? மழை சும்மா பெய்யலை போல!" அவள் சிரித்தாள். அப்படிச் சிரித்து அவர் பார்த்ததே இல்லை.

"உக்காரு. வைத்தியர் என்ன சொன்னார், சொல்லு."

கத்தினார். வாய் எங்கே? கண்கள் மட்டும். அவையும் எங்கோ கீழே, ஒரு மடியில், பொடிப்பொடியாக.

அவள் பக்கத்தில் வந்து குனிந்தாள். மருந்து வாசனை. மழை வாசனை. முகம் பெரிதாக, மிகப் பெரிதாக.

"இதென்னங்க, மடியெல்லாம் தூசி?"

முந்தானையால் தட்டினாள். ஒட்டிக்கொண்டிருந்த மிச்சத்தைப் பார்த்து, கன்னத்தை உப்பி, ஊதினாள்.