பிந்தி வந்த சத்தம்

தங்கமாரி குழாயை இறுக்கி மூடிட்டா. ஆனாலும் தொட்டிக்குள்ள தண்ணி விழுகிற சத்தம் நிக்கல. குனிஞ்சு பாத்தா, ஒரு சொட்டுக்கூட விழல. காதுல மட்டும் கொடகொடன்னு கொட்டுது. பத்து எண்ணுற நேரங் கழிச்சுத்தான் அடங்குச்சு.

எல்லாம் அந்தப் பாழாப்போன நெருப்புப் பந்தால வந்த வினை. காலையில பதினோரு மணிக்கு, வெயில் மண்டையப் பொளக்கிற நேரத்துல, பரளச்சிப் பக்கமா சூரியனையே மங்கடிச்சுக்கிட்டு ஒண்ணு வானத்தக் கிழிச்சுக்கிட்டுப் போச்சு. அதை முழுசாப் பாத்தவ தெருவுல இவ ஒருத்திதான். பின்னாடியே டமார்னு வெடிச்சுச்சாம், சன்னலெல்லாம் அதிர்ந்துச்சாம், ஊரே சொல்லுது. இவளுக்கு ஒண்ணும் கேக்கல.

"காது சரியில்லீங்க. வாய் அசையுறது முன்னால தெரியுது, பேச்சு பிந்தி வருது. பிள்ளைய நீங்க பாத்துக்கங்க."

புருசன் ராஜபாண்டி உதடு அசைஞ்சுச்சு. பைக்கு தெருமுனை திரும்பின பிறகுதான் அவன் சொன்னது வந்து சேந்துச்சு. "தறி ஓட்டுற எவளுக்குக் காது நல்லாருக்கு? கல்லு எங்க விழுந்துச்சுன்னு பாத்துட்டு வாரேன்."

பத்திக்கிட்டு வந்துச்சு அவளுக்கு. யார்கிட்டச் சொன்னாலும் தறிச் சத்தத்துல கெட்ட காது, தறிக் காது! பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாளும் அதையே சொல்லித்தான் சிரிச்சா. ச்சே, என்ன சனங்க.

குக்கரை இறக்கி வச்சிட்டு, முற்றத்துல ஏனம் தேய்க்க உக்காந்தா. நாலு வயசு மக பேச்சி முதுகுக்குப் பின்னால தொட்டியோரம் விளையாடுறா. பிள்ளை தானாக் கட்டின பாட்டு காதுல விழுந்துக்கிட்டே இருந்துச்சு. பாட்டுக் கேக்குற வரைக்கும் பயமில்ல. பத்து எண்ணுற நேரம் பிந்தினா என்ன குடி முழுகிடும்னு சட்டி, தட்டு, கரண்டின்னு ஒவ்வொண்ணாத் தேய்ச்சா.

அப்ப, குக்கர் விசில் அடிச்சுச்சு.

கை நின்னு போச்சு.

குக்கரை இறக்கி அரை மணி நேரமாச்சே.

திரும்பினா. தொட்டி நிறையத் தண்ணி. ஒரு அலைகூட இல்ல. ஓரத்துல ஒத்தச் செருப்பு.

"பேச்சி!" தொண்டை நரம்பு புடைச்சுச்சு. அவ குரல் அவளுக்கே வரல.

அள்ளி எடுத்து மடியில போட்டா. பிள்ளை சில்லுன்னு கெடந்துச்சு. மதில்மேல எட்டிப் பாத்த பிச்சையம்மாள் வாயைத் தொறந்து நெஞ்சுல அடிச்சுக்கிறா. சத்தமே இல்ல.

தங்கமாரி காதுல மட்டும் மக பாடிக்கிட்டே இருக்கா. சந்தோசமா. இனிமேத்தான் வழுக்கும். இனிமேத்தான் 'அம்மா'ன்னு கூப்பிடும்.

காதைப் பொத்தினா. அப்பவும் கேட்டுச்சு.

பாட்டு நின்னுச்சு.