சின்னத்தாயின் பாத்தி

"ஏட்டையா, என் தங்கச்சி ஓடிப்போற பிள்ளை இல்லை. அவ செத்துட்டாள்னு சொன்னாக்கூட அம்மா தாங்கிக்கிடும்." அழகுமலை ஒரு பையைக் கீழே வைத்தான். "மச்சான் குடுத்த பீன்ஸு. போறதுக்கு முதல் நாள் தாய்வீட்டு விதையை அவ கையாலயே போட்டாளாம். அம்மா கண்ணுல ஒத்திக்கிட்டுச் சமைச்சுது."

ஓய்வுபெற்ற ஏட்டு இன்னாசிராஜ் ஒரு காயை ஒடித்தார். "உங்க வீட்டு விதை என்ன பூ பூக்கும்?"

"வெள்ளை. வேற நிறம் பார்த்ததேயில்லை. கட்டிக்குடுக்கையில பை நிறைய குடுத்தோம். எங்கள்ல பொம்பளைதான் விதையைத் தொடணும்."

சின்னத்தாய் சித்திரையில் காணாமல் போனவள். லாரிக்காரனோடு போடிக்கு இறங்கிவிட்டாள் என்று புருஷன் பெரியமுத்து சொன்னான். 1974-இல் அந்த எஸ்டேட்டுக்கு அவன் வாய்வார்த்தையே போதுமாக இருந்தது. ஒருத்தியின் மானத்தை மென்று துப்ப ஊருக்கு ஆதாரமா வேண்டும்?

பெரியமுத்து குடியிருந்த லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் பாத்தி காய்த்தபடியே பூத்தும் கிடந்தது. அத்தனையும் ஊதா. ஏட்டோடு ஒட்டிக்கொண்டே திரியும் கம்பவுண்டர் சுவக்கீனுக்கு உடம்பெல்லாம் துள்ளியது. "பிடிச்சாச்சு ஏட்டையா," என்று காதைக் கடித்தார்.

பெரியமுத்து சிரித்தான். "சுத்திலும் ஊதாப் பாத்திதான். அவ போன போகத்துல எடுத்து வச்ச விதையில வண்டு கலந்துவிட்டிருக்கும்."

சுவக்கீனின் முகம் தொங்கிப்போனது.

"கலக்கும்," என்றார் ஏட்டு நிதானமாக. "ஆனா பீன்ஸ் பூ விரியறதுக்குள்ளேயே தன் மகரந்தத்தைத் தானே ஏத்துக்கிடும். வண்டு கெடுத்தாலும் ஒண்ணு ரெண்டு செடிதான் மாறும். ஊதாவுக்குள்ள வெள்ளை ஒளிஞ்சிருந்து பேரப்பிள்ளையில எட்டிப் பார்க்கும். வெள்ளைக்குள்ள ஊதா ஒளியாது. இங்க பேருக்கு ஒரு வெள்ளைப் பூ இல்லை. இது அவ விதையில்லை, அவ போட்டதுமில்லை. விதை தொட்டறியாத ஆம்பளை, எல்லாம் ஒரே பீன்ஸுன்னு கையில கிடைச்சதை அள்ளிப் போட்டிருக்கான். தோண்டின மண்ணை மறைக்கிற அவசரம்."

ஸ்டேஷனிலிருந்து ஆள் வரவழைத்து வெட்டினார்கள். முழங்கால் ஆழத்தில் சேலை தெரிந்தது. வேர்கள் அதில் பின்னியிருந்தன. சற்றுமுன் துள்ளியதை நினைத்துச் சுவக்கீன் வெட்கப்பட்டார்.

விலங்கு மாட்டும்போது பெரியமுத்து திரும்பினான். "காய் நல்லா இருந்துச்சா மச்சான்?"

அழகுமலை வரப்பில் குந்தி, தொண்டைக்குள் விரலை விட்டுக் குமட்டினான். ஒன்றும் வரவில்லை. தின்று நாளாகியிருந்தது.