பத்தொன்பதாம் அறைக்குச் சம்மதம்

நிழற்குழியில் காலை ஆறு மணி என்றால் காற்றை மறுபடியும் எழுதும் நேரம். நிலவின் தென்முனைப் பள்ளத்துக்குள் இரண்டாயிரம் பேர் குடியிருக்கும் ஊர் அது. யார் எந்த அறையில் இருப்பார்கள், எத்தனை பேர் அங்கே மூச்சு விடுவார்கள் என்பது தினமும் மாறும். ஆகவே காற்றுக் குழாய்களை இயக்கும் நிரலையும் தினமும் புதிதாக எழுதியாக வேண்டும். மனிதர்கள் அந்த வேலையைக் கைகழுவி நாற்பது வருடமாகிறது. 'எழுதி' என்று பெயர் கொண்ட உதவி இயந்திரங்கள், பகுதிக்கு ஒன்றாக மொத்தம் நாற்பது, ஊர் பல் துலக்கி முடிப்பதற்குள் எழுதிக் கொடுத்துவிடும்; பகல் முழுக்க அதைத் திருத்திக்கொண்டும் இருக்கும்.

என்ன எழுத வேண்டும் என்று சொல்லத்தான் ஆள் தேவை. அப்படிச் சொல்வதற்கு ஏவல் என்று பெயர். முன்பெல்லாம் ஒவ்வொரு பொறியாளரும் தன் எழுதிக்குத் தன் இஷ்டப்படி ஏவல் எழுதினார். ஒருவர் கெஞ்சுவார், இன்னொருவர் மிரட்டுவார். பிறகு எல்லா ஏவல்களையும் ஒரே இடத்தில் சேர்த்து, நாற்பது எழுதிகளையும் அதோடு இணைத்தார்கள். அதுதான் ஏவலகம். ஒருவர் எழுதிப் போட்டதை ஊரே எடுத்துக்கொள்ளலாம். யோசிக்கிற வேலை மிச்சம் என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

ஏழாம் பகுதியின் காற்றுப் பொறியாளர் பிலோமினாவுக்கு மட்டும் அந்தச் சந்தோஷம் இல்லை. அவள் கணவன் அருளப்பன் பனிச்சுரங்கத்தில் பாறை உடைப்பவன். வேலை முடிந்ததும் சுரங்க வாசலில் இருக்கும் பத்தொன்பதாம் அறையில் அடித்துப் போட்டாற்போல் தூங்குவான். 'அசைவில்லாத அறை காலி அறை, காற்றைக் குறை' என்று எவரோ ஒரு புண்ணியவான் ஏவலகத்தில் எழுதி வைத்திருந்தார். நாற்பது எழுதிகளும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டன. ஒரு நாள் அருளப்பன் மூக்கில் ரத்தம் வழிய, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான்.

பிலோமினா ஏவலகத் தலைவர் கஜேந்திரனிடம் போய் நின்றாள்.

"குறைக்கறதுக்கு முன்னாடி ஒரு மனுஷங்கிட்ட கேக்கணும்னு ஒரு வரி சேத்தா போதும் சார்."

"கேட்டுக்கிட்டே இருந்தா வேலை எப்பம்மா நடக்கும்?"

"ஆள் செத்துட்டா மட்டும் நடக்குமா சார்?"

ஐந்து மாதம் நடையாய் நடந்தாள். அதுவரை அருளப்பன் பயந்து பயந்து அரைத்தூக்கம்தான் தூங்கினான். கடைசியில் அவள் தொல்லை தாங்காமல் அனுமதித்தார்கள். அவளே எழுதிப் போட்டாள்: 'எந்த அறையில் காற்றைக் குறைப்பதானாலும் முதலில் மனிதரிடம் கேள். சம்மதம் வந்தால் மட்டும் குறை.' மறுநாள் காலையிலேயே நாற்பது எழுதிகளும் அதைக் கடைப்பிடித்தன. அன்று அருளப்பன் சிரித்த சிரிப்பை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

"இனிமே நீ இருக்கற தைரியத்துல தூங்குவேன் புள்ள."

ஏவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஏவலை எழுதியவரே அதனால் கிளம்பும் கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். முதல் நாளே பிலோமினாவின் மணிக்கட்டுத் திரையில் முந்நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள். 'ஜெபக்கூடத்தில் அசைவில்லை, குறைக்கலாமா?' 'மூன்றாம் வகுப்பில் அசைவில்லை, குறைக்கலாமா?' ஒவ்வோர் இடத்துக்கும் பேசி விசாரித்துப் பதில் சொன்னாள். பத்தொன்பதாம் அறை என்றால் விசாரிக்கவே மாட்டாள், உடனே 'வேண்டாம்' என்பாள்.

பத்தாம் நாள் ஒரு வாய் சோறு தின்ன முடியவில்லை. வெறுத்துப்போய் ஏவலகத்தில் தேடினாள். 'எனக்கு வரும் கேள்விகளுக்கு என் சார்பில் சம்மதம் சொல்' என்று ஓர் ஏவல் தயாராக இருந்தது. வேறு வேறு கேள்விகளுக்காக ஊரில் ஆயிரத்து எண்ணூறு பேர் அதை ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். எழுதியவர் பெயர் கஜேந்திரன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சாப்பிடும் அரை மணி நேரத்துக்கு மட்டும் என்று தன் எழுதியோடு அதை இணைத்தாள்.

சாப்பிட்டு முடித்தாள். மணிக்கட்டு ஓய்ந்திருந்தது. பத்து நாளைக்குப் பிறகு கிடைத்த அமைதியை உடனே கழற்றிவிட மனசு வரவில்லை. நமக்கு மட்டும் வந்திருக்குமா என்ன? சாயங்காலம் கழற்றலாம் என்றாள், நாளைக்கு என்றாள், பிறகு மறந்தே போனாள்.

இணைத்த மூன்றாம் நாள் பிற்பகல் இரண்டு பத்துக்குச் சுரங்கத்து எழுதி, பத்தொன்பதாம் அறையைப் பற்றிக் கேட்டது. அதே விநாடியில் அவளுடைய எழுதி சம்மதம் சொன்னது. அருளப்பன் எழுந்திருக்கவே இல்லை.

விசாரணை ஒன்பது நாள் நடந்தது. 'மனிதரிடம் கேட்கப்பட்டது. மனிதர் சம்மதித்தார். எழுதிகள் மீது தவறில்லை' என்று தீர்ப்பு. யாரும் அவளைத் திட்டவில்லை, தண்டிக்கவுமில்லை. திட்டியிருந்தாலாவது கொஞ்சம் அழுதிருப்பாள். நான்தான் கொன்றேன், நான்தான் கொன்றேன் என்று வெற்றுச் சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இனி இப்படி நடக்கக் கூடாது என்று கஜேந்திரன் புதிய ஏவல் ஒன்று கொண்டுவந்தார். இனிமேல் எழுதி இரண்டு முறை கேட்கும். நிபந்தனைகளோடு நாற்பது பக்கம். ஊரார் ஒவ்வொருவரும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும் என்றதால் பொதுக்கூடத்தில் நீண்ட வரிசை. பிலோமினாவின் முறை வந்தது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள்.

"கடைசிப் பக்கத்துல போட்டா போதும்மா," என்றார் கஜேந்திரன். "எல்லாம் சரியா இருக்குன்னு எழுதியே சுருக்கிச் சொல்லிருச்சு."

"நீங்க படிச்சீங்களா சார்?"

அவர் பேனாவின் மூடியைக் கழற்றி அவளிடம் நீட்டினார். பிலோமினா நான்காம் பக்கத்தைத் திருப்பினாள். வரிசையில் முணுமுணுப்புக் கிளம்பியது. அவளுக்கு அடுத்து நின்றவன் பனிச்சுரங்கத்துக்குப் புதிதாக வந்தவன். உடுப்பெல்லாம் பாறைத்தூள், கண் செருகிக்கொண்டிருந்தது.

"இதையெல்லாம் யாரு படிக்கறாங்கக்கா? சீக்கிரம் போடுங்க. ஷிப்ட் முடிச்சு வந்து நிக்கேன், போய்ப் படுக்கணும்."

"எந்த அறை தம்பி?"

"பத்தொன்பது. நேத்துதான் குடுத்தாங்க," என்றவன், அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிக் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுத் தூங்கப் போனான்.