ஒன்பதாம் பாய்

மத்தியானம் இரண்டு மணிக்கு அந்தப் பழைய கூடத்தின் பூட்டு ஒரே திருகலில் திறந்துகொண்டது. மக்கர் பண்ணுவதே அதன் பிறவிக்குணம். அதனாலேயே அவளுக்கு அது உறுத்தியது.

பின்னால் கொழுந்தன், பாய்ச் சுருள்கள் அடைத்த பையோடு வந்தான். ஒரு சுருள் குறைவதால் பை தொளதொளவென்று தோளில் ஆடியது. நாளைக் காலை இங்கே பிள்ளைகளுக்கு ட்ரோன் வகுப்பு. கணவன் போய் ஏழு மாதத்துக்குப் பிறகு அவள் ஒப்புக்கொண்ட முதல் வேலை. அவன் உயிர் போனதும் இதே கூடத்தில்தான். கிளம்பும்போது மாமியார் சொன்னது ஒன்றுதான்: “இவனையாவது முழுசா கொண்டுவந்து சேர்த்துடும்மா.”

ஜன்னல்களை அடைத்தார்கள். பாயில் வெயில் பளபளத்தால் ட்ரோனின் வயிற்றுக் கேமராவுக்குக் கண் கூசிவிடும். கூடம் மங்கலாயிற்று.

ஒவ்வொரு ரப்பர் பாயிலும் ஒரு வடிவம், ஓர் எண், ஓர் அம்பு. அதைப் பார்த்துத்தான் ட்ரோன் தான் எங்கே, எந்தத் திசையில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளும். பன்னிரண்டு பாய்களில் இப்போது பதினொன்றுதான். ஒன்பதாவது அவனோடு சிதையில் எரிந்துபோயிற்று.

ஒன்பதை மட்டும் அவன் தலைகீழாகவே விரிப்பான். எத்தனை சொன்னாலும் செவிடன் காதில் ஊதிய சங்குதான். அன்றும் அப்படியே விரித்தான். திசை குழம்பிய ட்ரோன் உத்திரத்தில் போய்ச் சொருகிக்கொண்டது. எடுக்க ஏணியில் ஏறினான். லேப்டாப் ‘பீப்’ என்றது. ஏணியைப் பிடித்திருந்தவள் திரையைப் பார்க்கக் கையை எடுத்தாள்.

ஒரே நொடி.

பாயை மாற்றி விரித்தது அவன் தப்பு என்று எல்லோரும் சொன்னார்கள். கையை எடுத்தது யார் என்று அவளுக்குத் தெரியும்.

மற்றப் பாய்களை விரித்து, ஒன்பதின் இடத்தை வெறும் சிமெண்ட்டாக விட்டார்கள். ட்ரோன் அதைச் சுற்றிப் போகும்படி லேப்டாப்பில் கட்டளை எழுதியிருந்தாள். வெறுந்தரைக்கு மேல் போனால் அது தடுமாறும்.

ட்ரோன் எழுந்தது. நேராக அந்த வெறுந்தரைக்கு மேலேயே போய் நின்றது.

துளியும் தடுமாறவில்லை.

திரையில் வந்தது: பாய் 9. திசை தலைகீழ்.

“அண்ணி, ஒன்பதுதான் நம்மகிட்ட இல்லையே?” என்றான் கொழுந்தன் மெதுவாக.

கருகிய ரப்பர் வாசனை அடித்தது. ட்ரோன் சட்டென்று திரும்பி மேலே பாய்ந்து, அதே உத்திரத்தில் சொருகிக்கொண்டது.

“விட்டுடு. போயிடலாம்.”

“இருக்கறதே ஒண்ணு அண்ணி. நாளைக்குப் புள்ளைங்க வெறும் காத்தையா பறக்க விடும்?”

சொன்ன பேச்சு கேட்காத வம்சம். அவள் வாய் மூடுவதற்குள் ஏணியைச் சாத்தி நாலாவது படியில் இருந்தான். ஓடிப்போய் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்தாள்.

பீப்.

அவள் திரும்பவில்லை.

பீப். பீப்.

கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். அப்போது ஏணி கனத்தது. மேலே இருப்பவன் ஒருத்தன். கைக்குத் தெரிந்த பாரம் இரண்டு பேருடையது.

கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“எடுக்க மாட்டேங்க,” என்று முணுமுணுத்தாள். “இந்தத் தடவை கையை எடுக்க மாட்டேங்க.”

மேலே செருப்பு வழுக்கும் சத்தம். ஏணி ஒரு குலுக்குக் குலுங்கியது.

எதுவும் விழவில்லை.

கொழுந்தன் ட்ரோனோடு இறங்கி வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

“கால் வழுக்கிடுச்சு அண்ணி. நல்லவேளை, நீங்க பின்னாலயே ஏறி வந்து இடுப்பைப் பிடிச்சீங்க.”

அவள் தரையை விட்டு ஒரு படிகூட ஏறவில்லை. அதை அவனிடம் சொல்லவும் இல்லை. வகுப்பை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னாள்.

பாய்களைச் சுருட்டிப் பையில் அடைத்தார்கள். கொழுந்தன் ஜிப்பை இழுத்தான். பை விம்மிக்கொண்டு, பாதிக்கு மேல் மூட மறுத்தது.

“என்ன அண்ணி, வரும்போது தொளதொளன்னு கிடந்துச்சே!”

எண்ணிப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. முழங்காலை வைத்து அழுத்தப் போனவனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மூடாதே,” என்றாள். “மூச்சு முட்டும்.”