கதவத் தொறக்காதீங்க அண்ணே

செல்போன் அலறியது.

ரெத்தினதாஸ் கண்ணைத் திறக்காமலே எடுத்தார். ஐம்பத்திரண்டு வயது லாரி டிரைவர். புனேயில் டி.வி. பெட்டிகள் ஏற்றிய கண்டெய்னரோடு நான்கு நாள் ஓட்டம். வீடு தனுவச்சபுரத்தில், பத்து நிமிட தூரம்தான். அந்தச் சின்ன ரோட்டில் இவ்வளவு பெரிய வண்டி நுழையாது. பாறசாலை ஹைவே ஓரத்து மைதானத்தில் நிறுத்திவிட்டுப் படுத்திருந்தார்.

மத்தியானம் இரண்டு மணி. வெளியே பேய் மழை.

"அண்ணே, கதவத் தொறக்காதீங்க."

பெண் குரல்.

"ஆரு?"

"எதிர்ல சாயாக்கடை வச்சிருக்கேன், தன்யா. நம்பரு உங்க வண்டிக் கதவுல எழுதியிருக்கு. வண்டிக்க பொறத்த மூணு பேரு நிக்கானுவ. டீசல் களவாணியளாக்கும். ஒருத்தன் கையில வெட்டுகத்தி உண்டு."

தூக்கம் பறந்தது.

பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். மழைக்குள் ஒரு நீலச் சட்டை... கையில் வெட்டுகத்தி.

உண்மைதான்.

லாரி லேசாக ஆடியது.

"வண்டி ஆடுதே மக்கா..."

"டாங்குக்க மூடியப் பேர்க்கானுவ. போனாப் போகட்டு. உயிரில்லியா பெருசு? போலீசுக்கு விளிச்சிட்டேன், இப்ப வருவாவ. போன மட்டும் கட் பண்ணாதீங்க."

"செரி."

"சாப்பிட்டியளா?"

"காலையில ஒரு சாயா."

"எல்லாம் முடிஞ்சப் பொறவு கடைக்கி வாங்க. கப்பைக் கிழங்கும் மீனும் இருக்கு."

நான்கு நாளில் சாப்பிட்டாயா என்று கேட்ட முதல் ஆள்.

அப்போதுதான்...

தொம்!

பின்னால் கனமாக ஏதோ விழுந்தது. அதே நொடியில் அதே சத்தம் போனிலும் கேட்டது. இன்னும் பெரிதாக, காதுக்குள்ளேயே விழுந்ததைப் போல.

கூடவே போனுக்குள் ஓர் ஆணின் கிசுகிசுப்பு.

"எலே, மெதுவா வை."

ரெத்தினதாஸ் அசையவில்லை.

இவள் டீக்கடையில் இல்லை. என் கண்டெய்னருக்குள் நிற்கிறாள். பெட்டிகளை இறக்கி முடிக்கும்வரை என்னைக் கேபினிலேயே உட்கார வைக்கத்தான் இந்தப் பேச்சு.

கோபம் வரவில்லை. அலுப்புதான் வந்தது.

இறங்கினால் வெட்டுகத்தி. போனைத் துண்டித்தால் சந்தேகப்படுவார்கள்.

சாவியைத் திருகினார்.

"அண்ணே... எதுக்கு ஸ்டார்ட் பண்றீங்க?"

"சும்மா. எதையாவது கெட்டியாப் பிடிச்சிக்கோ மக்கா."

லாரி துள்ளி ஹைவேயில் ஏறியது. நீலச் சட்டை சேற்றில் விழுந்து உருண்டான். ரெத்தினதாஸ் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை.

போனுக்குள் பெட்டிகள் சரிந்தன. அலறல்கள்.

"நிறுத்துங்கண்ணே... குதிச்சிருவோம்..."

"அறுபதுல போறேன். குதிச்சா எலும்பு தேறாது. உக்காந்திரு."

போலீஸ் ஸ்டேஷன் வளாகத்துக்குள் நுழைந்துதான் பிரேக்கை மிதித்தார்.

ஹாரன் சத்தத்தில் போலீஸார் ஓடி வந்தார்கள். கண்டெய்னருக்குள் இரண்டு ஆண்கள், இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி. மூன்று பேரையும் இறக்கினார்கள். நீலச் சட்டையைத் தேடி ஜீப் பறந்தது.

தலைகுனிந்து போனவளை ரெத்தினதாஸ் கூப்பிட்டார்.

"உள்ளதச் சொல்லு, உனக்குக் கடை உண்டா?"

"இல்ல..."

"அப்ப கப்பையும் மீனும்?"

அதற்கும் இல்லையென்று தலையாட்டிவிட்டு நடந்தாள். அதுதான் அவருக்கு வலித்தது.

எஸ்.ஐ. சஜின் குடையோடு வந்தார். "சேட்டா, உள்ள வாங்க. வாக்குமூலம் எழுதி வாங்கணும்."

ரெத்தினதாஸ் அதற்குள் கேபினில் ஏறிச் சீட்டில் நீட்டிப் படுத்துவிட்டார்.

"ரெண்டு மணிக்கூர் கழிஞ்சு எழுதலாம் சாரே. நாலு பொறமும் போலீசு காவலுள்ள பார்க்கிங்கு, இருபது வருசத்துல இப்பதான் கிடைச்சிருக்கு."